பெயர் சொல்லும் இடம்

காப்பார்
12.8.1984

அண்ணன் அம்புரோசுக்கு, சாந்தமேரி எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் டொரத்தி வந்திருந்தாள். அப்பா நல்லாத்தான் இருக்கார், ரெண்டு தட்டு சோறு சாப்பிடுறார் என்று சொன்னாள். உங்கள் மகளுக்காவது பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறி இங்கே வரத் தெரிகிறது.

போனில் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா வீட்டுக்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் என் குரலைக் கேட்டதும் டொக்கென்று வைத்துவிட்டீர்கள். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் செத்துப்போகலாம். அதனால்தான் கடிதம். இதைக் கிழிப்பதாக இருந்தால் அடுத்த நாலு வரியைப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அம்மாவுக்கு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். "வீட்டுக்குக் கொண்டு போங்க, கேக்கறதைக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா சோறு கேட்கவில்லை, கஞ்சி கேட்கவில்லை. அப்பா கல்லறைத் திருநாள்தோறும் பாடிய சவேரியாயி பாட்டுக் கேட்கிறாள்.

நான் தனியாகப் பாடிப் பார்த்தேன். பத்து அடி போவதற்குள் கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். "பின்பாட்டுக்காரிக்கு முன்பாட்டு எதுக்கு? அம்புரோசு எங்க?" என்கிறாள். அப்பா முன்பாட்டு, பிள்ளை பின்பாட்டு என்று இரண்டு குரலாகவே கேட்டுப் பழகியவள். ஒற்றைக் குரலில் பாடினால் அவளுக்கு அது பாட்டாகவே தெரியவில்லை.

போன கல்லறைத் திருநாளில் நடந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டில், இருபது பேர் முன்னால், என் முகத்துக்கு நேரே கையை நீட்டி "நிறுத்து" என்றீர்கள். நான் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். அதற்காக ஒன்பது மாதமா? அப்பா போய் முதல் வருஷம், நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாடியதே அந்த ஒரு தரம்தான். அதுவும் பாதியில் நின்றுபோனது.

வாருங்கள். எனக்காக இல்லை.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்
19.8.1984

சேசு மரி சூசை துணை

தங்கை சாந்தமேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அம்மாவின் நிலைமை அறிந்து மனம் மிகவும் வருந்தியது. டொரத்தியிடம் ஹார்லிக்ஸ் இரண்டு போத்தல் கொடுத்து அனுப்புகிறேன்.

ஒரு திருத்தம். நீ ஜால்ராவைக் கீழே வைக்கவில்லை, எறிந்தாய். அது போய் உன் அண்ணி பிலோமினாவின் பூப்போட்ட பீங்கான் தட்டில் விழுந்து தட்டு இரண்டாகப் போனது. அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நான் வரத் தயார். ஆனால் பாட்டைப் பாட்டாகப் பாட வேண்டும். நம் கொள்ளுப்பாட்டி சவேரியாயி புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு கப்பலேறி வருகிறாள். துறைமுகத்தில் இறங்குகிறாள். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறாள். அந்த அடியை நான் பாடியதும் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும். அப்பா வலது கையை உயர்த்துவார். வீட்டை ஒட்டி ஆறு இருபது ரயில் போகும். சத்தம் அடங்கிய பிறகு கையை இறக்கி அடுத்த அடியை எடுப்பார். நான் எட்டு வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவன். ஒருநாளும் இது மாறியதில்லை.

நீ அந்த இடத்தில் நிறுத்தாமல் எதையோ பாடினாய். ரயில் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு டொரத்திதான் சொன்னாள், "அத்தை அந்த எடத்துல அவங்க பேரையே போட்டுப் பாடுவாங்களாம் லா." எனக்குத் தலை சுற்றிவிட்டது. கொள்ளுப்பாட்டியின் கதையில் உன் பெயருக்கு என்ன வேலை? உன் மாமியார் வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்த சரக்கை நம் பாட்டில் சேர்க்காதே.

அந்த அடியை விட்டுவிடுவதாக எழுது. வருகிறேன்.

அம்புரோஸ்


காப்பார்
23.8.1984

அண்ணனுக்கு,

என் மாமியாருக்கு ஒரு பாட்டும் தெரியாது. ஜெபமாலையையே அவர் பாதியில் மறந்துவிடுவார். அவரை இதில் இழுக்காதீர்கள்.

அது எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது. அப்பா, நம் அப்பா, கஸ்பார். கிள்ளானுக்கு மாற்றலாகி வந்த பிறகு, எனக்கு ஒன்பது வயதில், பின்வாசல் படியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அது பெயர் சொல்லும் இடம். முன்பாட்டு எண்ணச் சொல்லும், பின்பாட்டு எண்ணும். பாடுகிற வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பிறந்த வரிசையில் சொல்ல வேண்டும். சவேரியாயி தன் பிள்ளைகளைத் தொட்டு எண்ணியதுபோல ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைகளை எண்ண வேண்டும் என்றார். இருபத்தேழு வருஷம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்படித்தான் பாடினேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கல்லறைத் திருநாளுக்கு இருபத்தேழு வருஷமாக லீவு கிடைக்காத ஒரே ரயில்வே குமாஸ்தா நீங்கள்தான்.

அந்த அடியை இதில் எழுத மாட்டேன். பாட்டை எழுதக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம், அதுவாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேட்க வேண்டுமென்றால் வந்து கேளுங்கள்.

இன்னொன்று. பாட்டு நடுவில் ரயில் போவதற்கு நிறுத்துவதையும் பாட்டு என்று பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்படியானால் அப்பா இருமியதையும் சேர்த்துப் பாடுங்களேன்.

அம்மா நேற்று ஹார்லிக்ஸ் இரண்டு கரண்டி குடித்தாள். சாயங்காலமானால் "லியனார்டு சாப்பிட்டானா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். நான் பிறப்பதற்கு முன்னாலேயே போன பிள்ளை. அவன் போட்டோகூட நம் வீட்டில் இல்லை. "சாப்பிட்டான்மா" என்று சொல்லிவைக்கிறேன்.

தட்டுக்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்
30.8.1984

சேசு மரி சூசை துணை

சாந்தமேரிக்கு,

நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் கோபம்தான் கூடியது.

நிதானமாக யோசித்துப் பார். வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பிறந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்கிறாய். நான் இந்த வீட்டின் மூத்த பிள்ளை. நான் பாட்டுப் படித்தபோது நீ இன்னும் பிறக்கவே இல்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் அப்பா முதலில் யார் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்? பத்து வருஷம் அப்பாவின் தோளில் என் தோள் படப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரை அவர் ஒருநாளும் பாடியதில்லை. ஒரே ஒரு தரம்கூட இல்லை. உன் பெயரை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். இதை நான் நம்ப வேண்டும்!

அப்பாவுக்கு நீதான் செல்லம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிள்ளானுக்குப் போகும்போது என்னைப் படிப்புக்காகப் பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுத்தானே போனார்கள். அதற்காக நான் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பாட்டிலும் உனக்கு ஓர் இடம், எனக்கு இடமில்லை என்றால் அதைக் கேட்டுக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அப்பாவின் முறை எனக்குத் தெரியும். பாட்டைச் சரியாக ஐந்து மணிக்கு ஆரம்பிப்பார். ஒரு நிமிஷம் முந்தாது, பிந்தாது. சிக்னல்காரர் அல்லவா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். கப்பல் கடலில் வருகிற பகுதியை ரயில் வரும் நேரத்தைப் பார்த்து இழுப்பார், சில வருஷம் குறைப்பார். அது கலை. உனக்கு எல்லாமே ஓட்டம்தான். துரத்திக்கொண்டு யாரோ வருவதுபோல் ஜால்ரா தட்டுகிறாய்.

லியனார்ட் பெயரை அம்மா சொல்கிறாரா? நாற்பது வருஷமாக அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்புரோஸ்


காப்பார்
6.9.1984

அண்ணனுக்கு,

உங்களோடு சண்டை போட எனக்கு இப்போது தெம்பு இல்லை. மூன்று பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும், பவர் ஸ்டேஷன் கட்டுமானத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிற மனுஷனுக்குச் சமைக்க வேண்டும், அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், படுக்கவைக்க வேண்டும். இதற்கு நடுவில் அடுப்பு மேடையில் பேப்பரை வைத்து உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

அம்மா மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறேன். கண்ணைத் திறந்தால் "அவன் வந்துட்டானா?" என்பதுதான் முதல் பேச்சு. யாரைக் கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. உங்களையா, லியனார்டையா, அப்பாவையா?

சரி. நீங்களே ஜெயித்தீர்கள். உங்கள் ஐந்து மணி, உங்கள் இழுப்பு, உங்கள் கை, எல்லாம் உங்கள் இஷ்டம். அந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். சத்தியமாக மூச்சு விட மாட்டேன். காப்பாரில் ரயிலே கிடையாது, எதற்காக நிறுத்துகிறோம் என்று என் பிள்ளைகள் கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வந்து பாடுங்கள் அண்ணே. சீக்கிரம்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்
10.9.1984

தங்கைக்கு,

ஞாயிறு 16ஆம் தேதி வருகிறேன். நாலரைக்கு அங்கே இருப்பேன். சரியாக ஐந்து மணிக்கு ஆரம்பம். அம்மாவுக்கு முதுகில் தலையணை வைத்து உட்காரவைத்திரு. சமையல் தடபுடல் வேண்டாம்.

அம்புரோஸ்


காப்பார்
18.9.1984

அண்ணனுக்கு,

சமையல் தடபுடல் வேண்டாம் என்று எழுதினீர்கள். நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையதுதான். நண்டுக் குழம்பும் கோழிப் பிரட்டலும் செய்துவைத்தால், மனுஷன் சாப்பிடாமல், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்! அதுவும் காலில் போட்டு வந்த உங்கள் சப்பாத்தை இங்கே விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரின் ஜப்பான் சிலிப்பரை மாட்டிக்கொண்டு. இவர் மறுநாள் வேலை முடிந்து வந்து சிலிப்பரைத் தேடுகிறார். அண்ணன் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றால் "எதுக்கு?" என்று கேட்கிறார்.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நீங்கள்,

கப்பல விட்டு எறங்கி வந்தா சவேரியாயி
கையால தொட்டு எண்ணிப் பார்த்தா புள்ளைங்கள

என்று முடித்துக் கையை உயர்த்தினீர்கள். (எழுதக் கூடாதுதான். இந்த இரண்டு அடியை எழுதினால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.) நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிள்ளைகள்கூடச் சும்மா இருந்தார்கள். ரயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோழி கூவுகிறது, பக்கத்து வீட்டில் குழாய் ஓடுகிறது. நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அம்மாதானே பேசினாள்? நானா பேசினேன்? "ரயில்தான் வரலியேடா, எதுக்குடா நிறுத்துற? பேரைச் சொல்லு" என்று அம்மாதானே உங்களைத் திட்டினாள்? நீங்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவளே கையை நீட்டி உங்கள் தலையைத் தொட்டு "அம்புரோசு ஒண்ணு" என்றாள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் வெறும் பாயைத் தொட்டு "லியனார்டு ரெண்டு" என்றாள். என் கன்னத்தைத் தொட்டு "சாந்தமேரி மூணு" என்றாள். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். எழுத்துக்கு எழுத்து அதே. என் பெயர் கடைசியில்தான் வருகிறது, பார்த்தீர்களா? முதலில் இருப்பது யார்?

அதற்குப் போய்க் கோபித்துக்கொண்டு எழுந்து போகலாமா? சாகக் கிடக்கிறவள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பாட்டு கெட்டுவிடுமா? "அவன் எங்க போனான்?" என்று அம்மா கேட்டாள். ஒண்ணுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். மிச்சப் பாட்டை முன்னும் பின்னும் நானே பாடி முடித்தேன். இந்தத் தடவை அம்மா கையை ஆட்டி நிறுத்தவில்லை. அரைக் கோப்பைக் கஞ்சி குடித்தாள்.

சப்பாத்தை டொரத்தியிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்
24.9.1984

சாந்தமேரிக்கு,

நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு மலாய்க்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நாற்பத்தாறு வயதில், காலில் சிலிப்பரோடு. இதை டொரத்தியிடம் சொல்லாதே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா இல்லாதபோதுதான் லியனார்ட் காய்ச்சலில் போனான். மூன்று வயது. அம்மாவும் நானும் சித்தப்பாவும்தான் அடக்கம் செய்தோம். அப்பாவுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லை. சண்டை முடிந்து அப்பா வந்த அன்று அம்மாவும் நானும் ஸ்டேஷனில் நின்றோம். எலும்பும் தோலுமாக இறங்கினார். என் தலையைத் தொட்டார். பிறகு அம்மாவின் சேலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் எழவே இல்லை.

அடுத்த வருஷம்தான் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சரியாக ஐந்து மணிக்கு. ஏன் ஐந்து மணி என்று இத்தனை காலம் நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை! ஐந்துக்கு ஆரம்பித்தால் பெயர் சொல்லும் இடத்தில் ஆறு இருபது வந்துவிடும். ரயில் பிந்தினால் அவருக்குத் தெரியும், கப்பலை இன்னும் கொஞ்சம் கடலில் மிதக்கவிடுவார். அதை நான் கலை என்று படித்து வைத்திருக்கிறேன்.

ரயில் போகும்போது அப்பாவின் உதடு அசையும். நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். அருள் நிறைந்த மரியே சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மாவும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உதட்டை அசைப்பார். இரண்டு பேருமாகப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், சாந்தமேரி. விடவில்லை. விடவும் முடியவில்லை, மற்றவர் காதில் விழும்படி சொல்லவும் முடியவில்லை. பிறகு கிள்ளானில் வீடு தண்டவாளத்துக்கு எட்டப் போய்விட்டது, மறைத்துக்கொள்ள ரயில் இல்லை. அதனால்தான் உனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

என் பெயரை அப்பா பாடவே இல்லை என்று உனக்கு எழுதினேனே. பத்து வருஷம் என் காதுக்குப் பக்கத்திலேயே பாடியிருக்கிறார். நான் ரயிலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

நான் தப்பாகப் பாடவில்லை. நீயும் தப்பாகப் பாடவில்லை. ஆனால் உன்னைக் கைநீட்டி நிறுத்தியது தப்பு.

சனிக்கிழமை வருகிறேன், சப்பாத்தை எடுக்க. அம்மாவுக்கு இன்னொரு தரம் பாடலாம். நண்டுக் குழம்பு வை.

அண்ணன் அம்புரோஸ்


காப்பார்
25.10.1984

அண்ணனுக்கு,

அம்மாவை அடக்கம் செய்து பதினாறு நாள் ஆகிறது. சப்பாத்தை எடுக்க நீங்கள் வந்த சனிக்கிழமை அம்மாவுக்கு நினைவே இல்லை, பாட முடியாமலே போய்விட்டது. அம்மாவின் கட்டிலை மடித்துவைத்துவிட்டேன். சாயங்காலமானால் "சாப்பிட்டான்மா" என்று வாய்வரை வந்துவிடுகிறது.

கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டு, வெள்ளிக்கிழமை வருகிறது. துக்க வீட்டில் பாட்டு எதற்கு என்று என் மாமியார் சொல்கிறார். எனக்குப் பாட வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஐந்து மணி என்றால் நான் மத்தியானமே பஸ் ஏற வேண்டும், பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து பாதியில் கூப்பிட வேண்டும். உங்கள் கடிகாரத்தோடு வாழ முடியாது.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்
28.10.1984

சேசு மரி சூசை துணை

தங்கச்சிக்கு,

பாட்டு இங்கேதான், நம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அதே வரிசையில், அப்பா பாடிய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. மாமியாரையும் கூட்டிக்கொண்டு வா. உன் அண்ணி புதுத் தட்டு வாங்கியிருக்கிறாள், ஜால்ராவைக் கையோடு கட்டி வைத்துக்கொள்.

பாட்டு ஐந்து மணிக்கு அல்ல. ஐந்தரைக்கு. இப்போதும் அந்த ரயில் ஆறு இருபதுக்குத்தான் வருகிறது. அன்றைக்கு லேட்டா என்று ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வேன். கப்பலையோ கடலையோ, ரயில் எந்த அடியை வேண்டுமானாலும் விழுங்கிவிட்டுப் போகட்டும். அது போன பிறகுதான் நாம் பெயர் சொல்லும் இடத்துக்கு வர வேண்டும். நீ முந்திக்கொண்டு ஓடாதே.

நான் கையை உயர்த்த மாட்டேன். நீ பின்பாட்டை எடு. முதல் பெயரைச் சத்தமாகச் சொல். எனக்கு அதைக் கேட்க வேண்டும். உன் பெயரையும் நீயே சொல். நடுவில் உள்ள பெயரை மட்டும் எனக்கு விட்டுவிடு. நீ அவனைப் பார்த்ததில்லை.

அண்ணன்
அம்புரோஸ்